பனியன் பட்டையில் பின்னிய கட்டில்

கண்ணுகளா,

பெரியவள் போன வாரம் புருஷன் வீட்டிலிருந்து வந்தபோது ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சீராகக் கொடுத்த கட்டிலின் மெத்தையை வெயிலில் போட எடுத்தார்களாம். அடியில் ஐந்து பழைய பலகைகள் கிடந்தனவாம். ஒன்றில் கறுப்பு மையில் ஏதோ வெளிநாட்டு எழுத்து.

"ஏனுங்கப்பா, புதுக்கட்டலுக்குள்ள பொட்டிப் பலகை எப்படி வந்துச்சு? கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்னு எங்க அத்தை சொல்றாங்க."

"எடை கூட்டிக் காட்டறதுக்கு அப்பாவே வெச்சிருப்பாருங்க்கா" என்றான் சின்னவன். எல்லோரும் சிரித்தீர்கள். உங்கள் அம்மா மட்டும் சிரிக்காமல், காபி ஆறுகிறது என்று பேச்சை மாற்றினாள்.

கடைக்காரர் மேல் பழி நிற்கக் கூடாது. பலகையை வைத்தவன் நான்தான். ஏன் வைத்தேன் என்பதை வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நாம் லைன் வீட்டில் இருந்தோம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அதில் நானும் அம்மாவும் நீங்கள் மூன்று பேரும் உங்கள் சித்தப்பாவும். சின்னவன் கைக்குழந்தை. நான் பனியன் கம்பெனியில் பகல் ஷிப்ட், சித்தப்பா வேறொரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். அவன் காலையில் வந்து விழுவான், நான் சாயங்காலம் வருவேன். இடையில் நீங்கள் ஏறிக் குதிப்பீர்கள். சாப்பாட்டுக்கு இடம் வேண்டுமென்றால் கட்டிலைத் தூக்கிச் சுவரோரம் நிமிர்த்தி வைப்போம். மூட்டைப்பூச்சி வந்தால் மூலைச் சந்துகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவோம். அந்தக் கட்டில் ஆறிக் கிடந்த நேரமே கிடையாது. இப்படிப்பட்ட வீட்டில் விலை குறைந்த கட்டில் எதுவும் இரண்டு வருஷம் தாங்காது. முதலில் வாங்கிய கயிற்றுக் கட்டில் ஒன்றரை வருஷத்தில் கால் கழன்று விழுந்தது.

இரண்டாவதாக, பழைய சாமான் கடை பாயிடம் சட்டம் மட்டும் வாங்கினேன். வேப்பமரச் சட்டம், பூவரசங்கால். பாய் நல்ல மனுஷர். "சட்டம் உங்க பேரன் காலம் வரைக்கும் கெடக்குமுங்க. மேல நல்ல நாடாவாப் போட்டுக்குங்க. அதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நான் மிச்சம் பிடித்தேன். கம்பெனியில் நான் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். ஊசி விழுந்து கோடு ஓடிய துணியை வேஸ்ட் என்று ஒதுக்குவார்கள். கேட்டால் கொடுப்பார்கள். அதை நாலு விரல் அகலத்துக்கு நீளநீளமாகக் கிழித்து இழுத்தால், பனியன் துணி தானாகவே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். மூன்று மூன்றாகச் சேர்த்துப் பின்னி, அந்தப் பட்டையால் கட்டில் முழுக்கப் போட்டேன். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பார்க்க வெள்ளைவெளேரென்று இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா வந்து கையால் அழுத்திப் பார்த்தார். "ஏனுங்க, பனியன் மேலயே படுத்துக்கறீங்களா! பொதுக்குனு இருக்குமாட்ட இருக்குது" என்றார். லைனில் இரண்டு வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து அதே போலப் பின்னிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் ஏன் அதை நம்பினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கம்பெனியில் துணியைப் பரிசோதிக்கும்போது இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து விடுவோம். பழைய அளவுக்குத் திரும்பி வந்தால் நல்ல துணி. வருஷக்கணக்கில் அதையே செய்த கை இது. படுத்தால் இறங்கும், எழுந்தால் ஏறிக்கொள்ளும் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் நடுவில் தொட்டில் மாதிரி இறங்கியது. அதற்கும் கம்பெனி வித்தை ஒன்று இருந்தது. பனியன் துணி தண்ணீர் பட்டுக் காய்ந்தால் சுருங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலை வாசலில் போட்டுத் தண்ணீர் தெளித்து வெயிலில் காயவைப்பேன். சாயங்காலம் தட்டினால் டங்கென்று இருக்கும். புதன்கிழமைக்குள் மறுபடி குழி விழும். ஞாயிறு மறுபடி தண்ணீர். இது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போல ஒரு வேலை என்றுதான் வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆடியில் உங்கள் அம்மா பொதுக் குழாயடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் நிறை குடம். துவைக்கிற கல்லின் விளிம்பில் முதுகு பட்டது. எழுந்திருக்க முடியவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதுகெலும்பில் ஒரு கணு நகர்ந்திருக்கிறது என்றார். "ஆறு வாரம் மட்டமாகப் படுத்திருக்க வேண்டும். படுக்கை குழி விழக் கூடாது. தூக்கி இறக்கக் கூடாது. முதல் பத்து நாள் ரொம்ப முக்கியம். ஒழுங்காக இருந்தால் பழையபடி நடப்பார்கள். இல்லையென்றால் ஒரு கால் இழுத்துக்கொள்ளும்."

இதற்கு மேல் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. எனக்குப் புரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில்தான் தண்ணீர் தெளித்துக் காயவைத்திருந்தேன். கட்டிலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். டங்கென்று இருந்தது. அதில் படுக்க வைத்தேன்.

தரையில் பாய் விரித்துப் போட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றியது. ஆனால் நம் பக்கத்தில் உடம்புக்கு முடியாதவரைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குவது எப்போது என்று உங்களுக்கே தெரியும். உயிர் பிரியப் போகிறது என்றால்தான் இறக்குவார்கள். மூன்று குழந்தைகளின் தாயை நான் எப்படித் தரையில் போடுவேன்? மனசு இடம் கொடுக்கவில்லை.

தினமும் சாயங்காலம் வந்து, "வலி தேவுலையா?" என்று கேட்பேன்.

"தேவுலைங்க" என்பாள்.

ஆனால் முகம் நாளுக்கு நாள் வெளுத்தது. நாலாம் நாள் இடது கால் மரத்துப்போகிறது என்றாள். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டரிடம் போய் வேறு மருந்து வாங்கி வந்தேன். அடுத்த ஞாயிறு அவள் படுத்திருந்ததால் தண்ணீர் தெளிக்க முடியவில்லை. அதற்காக வருத்தப்பட்டேன். மற்றபடி கட்டிலை நான் சந்தேகப்படவே இல்லை.

ஒன்பதாம் நாள் கம்பெனியில் கரண்ட் நின்றுபோனது. மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினேன்.

உங்கள் அம்மா தரையில் கிடந்தாள். கால் இரண்டும் நீட்டி, கை இரண்டும் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடி. தலைமாட்டில் சித்தப்பா உட்கார்ந்திருந்தான். பெரியவள் கால்மாட்டில் இருந்தாள். கட்டில் காலியாக இருந்தது.

எனக்கு அந்த வாசற்படியிலேயே எல்லாம் முடிந்துபோயிற்று. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தேன்.

சித்தப்பா பதறி எழுந்தான். "ஐயோ அண்ணா, ஒண்ணுமில்லீங்ணா! அண்ணி தூங்கறாங்க!"

அம்மா கண்ணைத் திறந்தாள். "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றாள்.

"ஏம் புள்ள கீழ எறங்குன? யாரு எறக்குனது?"

பெரியவள்தான் சொன்னாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. "தெனமும் நீங்க போனதும் எறக்குவமுங்கப்பா. நீங்க வர்றதுக்கு முன்னால ஏத்திருவோம். நான் காலப் புடிச்சுக்குவேன்."

"தெனமுமா?"

"கட்டலு குழி உழுகுதுங்க" என்றாள் அம்மா. "படுத்த ரெண்டாம் நாளே உழுந்துருச்சு. முதுகு வில்லாட்ட வளையுது. தரையில கெடந்தா உசுரு வருது."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

அவள் கட்டிலைக் கையால் காட்டினாள். "வாராவாரம் அதுக்குத் தண்ணி தெளிச்சு, காய வெச்சு, தட்டித் தட்டிப் பாத்தீங்க. லைன் பூராவும் கூட்டியாந்து காட்டுனீங்க. எப்படிங்க சொல்றது? தரையில கெடக்கறதப் பாத்தா நீங்க பயந்துக்குவீங்கன்னும் இருந்துச்சு."

"நீயாவது சொல்லியிருக்கலாமேடா" என்று தம்பியிடம் கேட்டேன்.

"அண்ணிதானுங்ணா, கொழந்தை மேல சத்தியம் வாங்கிட்டாங்க."

ஒரு நாளைக்கு இரண்டு தடவை தூக்கி இறக்கியிருக்கிறார்கள். டாக்டர் எதைச் செய்யாதே என்றாரோ அது நான் வேலைக்குப் போன நாளெல்லாம் நடந்திருக்கிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கட்டிலில் கையை வைத்து அழுத்தினேன். உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அவளை வைத்த அன்று ஒரு தடவை அழுத்தினேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அழுத்திப் பார்க்கவில்லை. பட்டையைப் பின்னியதற்குக்கூட என்னை மன்னித்துக்கொண்டேன். பார்க்காமல் இருந்ததற்கு இன்னும் முடியவில்லை.

அப்போதே திரும்பக் கம்பெனிக்கு ஓடினேன். புது மெஷின் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியிருந்தது. அது வந்த பெட்டியின் பலகைகள் பின்னால் அடுக்கிக் கிடந்தன. மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ஏப்பா, பொட்டிப் பலகையிலயா பொண்டாட்டியப் படுக்க வெப்பே? அவ என்ன மெஷினா?"

"அவ்வளவு பெரிய மெஷின் இது மேல உக்காந்து கப்பல்ல வந்துச்சுங்க. துளி அசையலீங்க. எனக்கு அது போதுமுங்க."

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். கடப்பாரையை எடுத்துவந்து அவரும் என்னோடு ஆணி பிடுங்கினார். தள்ளுவண்டியும் அவரே பிடித்துக் கொடுத்தார்.

பட்டை முழுவதையும் அறுத்துப் போட்டுவிட்டு, வேப்பஞ்சட்டத்தின் மேல் குறுக்கே பலகைகளை அடித்தேன். ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி, காற்றுப் போக. மேலே ஒரு ஜமக்காளம் மட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேரோடு சேர்ந்து, ஒரு பலகையை அவளுக்கு அடியில் செருகி, வளையாமல் தூக்கி வைத்தோம். டாக்டர் ஆறு வாரத்தை முதலிலிருந்து எண்ணச் சொன்னார். பழையபடி நடப்பார்கள் என்ற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஐப்பசியில் எழுந்து நின்றாள். நடந்தாள். இடது கால் இழுத்தது. இன்றைக்கும் இழுக்கிறது. "உங்கம்மா ஏன் அப்படி நடக்கறாங்க?" என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், குழாயடியில் விழுந்துட்டாங்க என்று சொல்லி வளர்ந்தீர்கள். அது பாதிதான். மீதிப் பாதி இங்கே எழுதியிருப்பது. எழுத வேண்டாம் என்றுதான் அவள் சொல்கிறாள். "பொட்டியில வந்து எறங்குன மெஷினுக்கு ஒரு சக்கரம் கோளாறு, அவ்வளவுதானுங்க" என்று என்னிடம் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்தப் பலகைக் கட்டில்தான் இன்றும் நம் வீட்டில் கிடப்பது. நீங்கள் மூன்று பேரும் அதன் மேல் குதித்துத்தான் வளர்ந்தீர்கள். சட்டத்தைப் பற்றிப் பாய் சொன்னது சரியாகப் போயிற்று. ஒரு கால் மட்டும் அடியில் ஈரம் ஏறி மக்கியது, அதற்கு ஒட்டு வைத்தேன். இழுக்காமல் தூக்கி வைத்தால், தரை கழுவும்போது கல் கொடுத்து உயர்த்தினால், சந்துகளில் வெந்நீருக்குப் பதில் வேப்பெண்ணெய் விட்டால், சாதாரணக் கட்டில் எத்தனை பேர் புழங்கும் வீட்டிலும் நிற்கும். ஆனால் எவ்வளவு நல்ல கட்டிலானாலும் வாரத்துக்கு ஒரு தடவை கையை வைத்து அழுத்திப் பாருங்கள். அதில் படுப்பவரிடம் கேட்டால் போதாது. நல்லா இருக்குங்க என்றுதான் சொல்வார்கள்.

இனி சீர்க்கட்டில். பெரியவளுக்கு நைலான் நாடாக் கட்டில் பிடித்திருந்தது. தலைமாட்டில் பூ வேலை. நான் கடையில் நாடாவை இழுத்து இழுத்து விட்டதும், மூன்று தடவை படுத்து எழுந்ததும் உங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. "ஏனுங்க, கட்டலுக்குப் பொண்ணு பாக்க வந்தாப்பல பாக்குறீங்க!" என்று கடைக்காரரே கேட்டார். அவள் ஆசையைக் கெடுக்க மனமில்லை, வாங்கிவிட்டேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே வீட்டுக்கு இறக்கச் சொன்னது மட்டும் என் பிடிவாதம்.

கட்டில் வந்து இறங்கியதும் சமையல்காரருக்கு வாங்கிய அரிசி மூட்டை ஒன்றை அதன் நடுவில் கிடத்தினேன். இடம் இல்லாமல் வைத்திருக்கிறேன் என்று நினைத்தீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் எல்லோரும் கல்யாணப் பத்திரிகை வைக்கச் சேவூருக்குப் போனீர்கள். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மூட்டையை இறக்கினேன். நூல் சுற்றிய கோனிலிருந்து பனியன் நூலைக் கட்டில் அகலத்துக்கு மேல் ஒரு முழம் கூடுதலாக எடுத்து, இந்தச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டத்துக்கு இழுத்துக் கட்டினேன். நூலுக்கும் நாடாவுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

பரண் மேல் அந்த மெஷின் பெட்டியின் மீந்த பலகைகள் ஐந்து கிடந்தன. இறக்கித் துடைத்து, ஓரத்தை இழைத்து, நாடாவுக்கு மேலே, முனைகள் இரண்டு பக்கச் சட்டத்தின் மேலும் உட்காரும்படி குறுக்கே வைத்தேன். எழுத்து இருந்த பலகை இடுப்பு வரும் இடத்துக்குச் சரியாக வந்தது. மூட்டையைத் திரும்ப ஏற்றினேன். திண்ணமாக உட்கார்ந்தது. சாயங்காலம் இறக்கிவிட்டு நூலை மறுபடி இழுத்துப் பிடித்தேன். பலகையோடு ஒட்டி நின்றது, விரல் நகம்கூட நுழையவில்லை.

மெத்தையைப் போட்டு, மேலே கை வைத்து ஒரு தடவை அழுத்தினேன். நூலை விரலில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.