ஆறு துளைகளும் ஒரே சரிவில்

கோபத்தோடு துளை போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறில் ஒன்றை அப்படித்தான் போட்டேன்.

தங்கச்சியின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரர். மாதா கோயில் பூசைக்குப் பாட்டுக்காரரையும் படகில் தாங்களே கூட்டி வருவதாகச் சொன்னார்கள். "நெடுந்தீவிலை ஆர் வாசிக்கப் போகினம்?" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா தொலைபேசியில் கேட்டாவாம். தங்கச்சி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என்ரை சின்னண்ணை வாசிப்பார். நீங்கள் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

சின்னண்ணை நான்தான். என்னுடைய கிற்றாரோ சுருதியில் நிற்காது. கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளை முறுக்கும் ஆணிகள் ஆறும் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பல் தேய்ந்து போயிருந்தன. ஒரு பாட்டு முடிவதற்குள் தந்திகள் இளகிவிடும். தீவில் வேறு கிற்றாரும் இல்லை. ஆகவே சனிக்கிழமை விடியக்காலைப் படகில் பட்டினத்துக்குப் போனேன்.

இசைக்கருவிக் கடைக்காரர் கிற்றாரைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"நீர் எவடம்?"

"நெடுந்தீவு."

"அதுதானே பார்த்தன். கடலுக்குள்ளை வைச்சோ வாசிச்சனீர்?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் புதிய ஆணிப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "இதின்ரை தண்டு மொத்தம். கழுத்திலை இருக்கிற துளையைப் பெருப்பிக்க வேணும். மெஷினிலை வைச்சுச் செய்யிற வேலை. விட்டிட்டுப் போம், இரண்டு கிழமையிலை வாரும்."

"வாற சனிக்கிழமை கல்யாணம் அண்ணை."

"அப்ப வீட்டிலை வைச்சு ஓட்டையைப் போடும். பிறகு அடுப்புக்கு உதவும்."

பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பும் வழி முழுவதும் படகில் பல்லைக் கடித்தபடி இருந்தேன். நான் செய்த பிழை, இறங்குதுறையில் நின்ற பெரியண்ணையிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னது. அவருடைய முகம் கறுத்தது. "எங்களுக்கு ஓட்டை போடத் தெரியாதாமோ?" என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கேதான் படிப்பிக்கிறேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது ஆறு துளைகளும் பெருப்பிக்கப்பட்டு, மரத்தூள் ஊதித் துடைக்கப்பட்டு, கிற்றார் என் கட்டிலில் கிடந்தது. அண்ணை தன் வள்ளத்தைத் தானே திருத்துகிறவர். அதற்கு வைத்திருக்கும், கையால் சுற்றித் துளைக்கும் துறப்பணத்தாலேயே போட்டிருந்தார். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, முதல் ஆணியைத் துளைக்குள் விடும் வரைக்கும்.

ஆணி சாய்ந்து நின்றது. அடுத்ததும் சாய்ந்து நின்றது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஆறும் ஒரே பக்கம், ஒரே சரிவு. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை. இப்படிச் சாய்ந்தால் ஆணியின் தகடு மரத்தில் படியாது, மரை இறுகாது, தந்தி நிற்காது.

"என்ன அண்ணை இது?"

"ஓட்டை."

"ஏன் சரிவாய்ப் போட்டனீங்கள்?"

"நேராய்ப் போட்டால் தண்ணி நிக்குமெல்லே!"

வள்ளத்தின் மேல்விளிம்பில் எந்தத் துளையையும் எங்கள் ஆட்கள் வெளிப்பக்கம் தாழத்தான் போடுவார்கள். நேராகப் போட்டால் கடல்நீர் உள்ளே தங்கி மரம் இற்றுப்போகும். என்னுடைய கிற்றாருக்கும் அதே வழியைத்தான் செய்திருக்கிறார்.

"அந்தாள் உன்னைக் கேட்டவனெல்லே, கடலுக்குள்ளை வைச்சோ வாசிச்சனீர் எண்டு? இனித் தண்ணி நிக்காது, துருவும் பிடிக்காது."

"பெட்டிக்குள்ளை படம் இருந்ததே! செங்குத்தாய்ப் போடச் சொல்லிக் கீறியிருக்கே!"

"பார்த்தனான். அது காய்ஞ்ச ஊர்க்காரர் கீறின படம்."

வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். அன்று கடைக்காரருக்குச் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் வாய்க்கு வந்தது. "நாலெழுத்துப் படிச்சிருந்தால் இப்பிடிச் செய்திருக்கமாட்டீங்கள்" என்றேன்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடப் படலையைத் தாண்டாமலே போய்ச் சேர்ந்தவர்கள். அண்ணை பாதியில் விட்டவர். நான் தொடர்ந்து படிக்கவென்று சின்ன வயதிலேயே கடலுக்கு இறங்கினவர். அவரிடம் போய் இதைச் சொன்னேன்.

துறப்பணத்தை என் முன்னால் வைத்தார். "ஓம். படிச்சவர் நீர்தானே. நீரே அடையும், நீரே போடும்." என்னை 'டேய்' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டறியாதவர்.

பூவரசங்கம்பு ஒன்றைச் சீவி ஆறு அடைப்புகள் செய்தேன். பசை பூசித் தட்டி இறக்கினேன். அண்ணையின் துளைகள் ஒரே அளவாக இருந்தபடியால் ஆறும் ஒரே இறுக்கமாக இறங்கின. அதுவும் எரிச்சலைத்தான் தந்தது. செவ்வாயும் புதனும் காயவிட்டு, வியாழன் பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் மேற்பக்கத்தைச் சமமாக வெட்டி அரத்தாளால் தேய்த்தேன். ரூல்தடியால் கோடு கீறி, மையங்களைக் கூராக்கிய இரும்பாணியால் குத்தி அடையாளம் வைத்தேன். கழுத்துக்குப் பின்னால் ஒரு பலகையை வைத்துக் கயிற்றால் இறுக்கினேன். இல்லாவிட்டால் துறப்பணத்தின் அலகு வெளியே வரும் இடத்தில் மரம் சிம்பு சிம்பாகப் பெயரும். முதலில் சின்ன அலகு, பிறகு பெரியது. இதெல்லாம் பொறுமை இருந்தால் முடிகிற காரியம். ஆனால் கையில் பிடிக்கும் துறப்பணத்தைச் செங்குத்தாக நிறுத்துவது எப்படி? மூலைமட்டத்தை வைத்தால் ஒரு பக்கச் சாய்வுதான் தெரியும். மற்றப் பக்கத்தைப் பார்க்கும்போது முதல் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

வகுப்பில் ஆடியையும் விம்பத்தையும் எத்தனையோ தரம் படிப்பித்திருக்கிறேன். அது ஒரு வேலைக்கு உதவும் என்று அன்றுதான் நினைத்தேன். தட்டையான கண்ணாடி ஒன்று வேண்டும், நடுவில் துளையோடு.

"சிடி ஒண்டு இருக்கோ பிள்ளை?"

தங்கச்சி அலுமாரியைக் கிண்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். "பெரியபிள்ளையான நேரம் எடுத்தது, என்ரை சாமத்தியவீட்டுச் சிடி."

"இது கீறுப்படும்."

"படட்டும் சின்னண்ணை. அந்த மேக்கப்பை இனி ஆரும் பார்க்கப்படாது. ஒரு இடத்திலையாவது நான் சிரிக்கேல்லை."

சிடியைக் கழுத்தின்மேல் மினுங்கும் பக்கம் மேலே வரப் படுக்கவைத்து, நடுத்துளைக்குள்ளால் அலகை மையத்தில் நிறுத்தினேன். அலகும் சிடியில் தெரியும் அதன் விம்பமும் ஒரே தடியாகத் தெரிந்தால் செங்குத்து. முழங்கால் மடித்ததுபோலத் தெரிந்தால் சரிவு. முன்பக்கம் நான் பார்க்க, பக்கவாட்டில் தங்கச்சி பார்த்தாள். ஐந்து துளைகள் விழுந்தன. ஆணிகளை விட்டுப் பார்த்தேன், பனைமரம் போல நின்றன.

ஆறாவதில் பெரிய அலகு பாதி இறங்கியிருந்தபோது அண்ணை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு ஓட்டைக்கு ஒரு மணித்தியாலமாமோ பிள்ளை? வாத்தியாரிட்டைக் கேட்டுச் சொல்லு. இந்த வேகத்திலை போனால் உன்ரை பேரப்பிள்ளையின்ரை கல்யாணத்துக்கு வாசிக்கலாம்."

"வள்ளம் அடிக்கிற ஆக்கள் வள்ளத்தோடை நிண்டால் காணும்" என்று தலையைத் தூக்கிச் சொன்னேன். கை மட்டும் நிற்காமல் சுற்றியது.

"சின்னண்ணை, முழங்கால் மடியுது!" என்று தங்கச்சி கத்தினாள். அலகு அப்போதே அடிப்பலகையைத் தொட்டுவிட்டது.

திரும்ப அடைத்துக் காயவிட நாள் இல்லை. மீன் அடைத்த ரின்னின் தகரத்தில் சிறிய ஆப்பு வெட்டி ஆறாவது ஆணிக்குக் கீழே செருகி ஒருமாதிரி இறுக்கினேன். தடித்த தந்தி அதில்தான் வந்தது.

சனிக்கிழமை கோயிலில் வாசித்தேன். தங்கச்சி உள்ளே நடந்து வரும் பாட்டுக்கு ஆறு தந்தியும் நின்றன. அவள் தலையைத் திருப்பி, என்னைப் பார்த்து, பல் தெரியச் சிரித்தாள். சுவாமியார் நன்மை அப்பம் கொடுக்கும்போது தடித்த தந்தி இளகத் தொடங்கியது. அதைத் தொடாமல் ஐந்திலேயே வாசித்து முடித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா வெளியே வந்து, "தீவெண்டாலும் பரவாயில்லையே" என்றா. அதற்கும் பல்லைக் கடித்தேன்.

பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்த அண்ணை, கையைத் துடைத்துவிட்டு வந்து கிற்றாரை எடுத்தார். வள்ளத்தின் நேர் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஆறாவது சரிவு."

"தெரியும்."

"தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

"உள்பக்கம்."

அவர் உரக்கச் சிரித்தார். அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இரண்டு நாளாக நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்பில் அது அப்படியே நின்றுவிட்டது. "வாற கிழமை அடைச்சுத் திரும்பப் போடவேணும்" என்று மட்டும் சொன்னேன்.

"நீரே போடும்" என்றார்.

வாற கிழமை போய்ப் பல கிழமைகள் ஆகிவிட்டன. தங்கச்சி பட்டினத்தில் இருக்கிறாள். பக்கவாட்டில் நின்று விம்பத்தைப் பார்க்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். வீட்டில் இருக்கிறது ஒரே ஆள்தான். அவரைக் கேட்பதென்றால் முதலில் அந்த நாலெழுத்துக் கதையைத் திருப்பி எடுக்க வேண்டும். நான் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, "வாத்தியார், உம்முடைய ஓட்டை என்னமாதிரி?" என்று கேட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறார். எனக்கு மறுபடியும் கோபம் ஏறிவிடுகிறது. அடைப்பதற்குச் சீவிய பூவரசங்கம்பு சிடியோடு யன்னலில் கிடக்கிறது. அவர் போட்ட ஆறிலும் மயிரிழை பிழை இருக்கவில்லை. என்னுடைய ஆறில் ஒன்றில் இருக்கிறது.