போன தட்டு, வந்த தட்டு

ஸ்பெயினுக்கு விமானம் ஏறுவதற்கு முன்னரே இவரிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தேன். அந்த ஒரு கிழமையும், ஏழு நாளும், நான் சமைக்கமாட்டேன். முட்டைகூட அவிக்கமாட்டேன். தேத்தண்ணி வேண்டுமென்றாலும் எனக்கு யாராவது போட்டுத் தரவேண்டும்.

இல்ஃபோர்டில் எங்கள் வீடு வீடில்லை, சத்திரம். பகலில் எனக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட், பின்னேரம் குசினியில் சமையல் ஷிப்ட். சனி, ஞாயிறு வந்தால் இவருடைய கூட்டாளிமார் வாசலில் நிற்பார்கள். "சும்மா இதால போனனாங்கள் அக்கா" என்பார்கள். சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் தெருவால் சும்மா போகிற சனம் லண்டனில் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். எனக்கு ஐம்பது வயதானபோது மகள் பொறுக்கமாட்டாமல் கம்ப்யூட்டரில் தேடி, மலிவு விமானத்தில் இடம் பிடித்து, கடலோரத்தில் ஒரு மரீனா ஊரில் மேல்மாடி வீடொன்றையும் எடுத்துத் தந்தாள். "அம்மா, நீங்க அங்க ஒரு வேலையும் செய்யக்கூடாது. பிராமிஸ்" என்றாள்.

மரீனா என்றால் இவருக்குச் சென்னைதான். மணலும் சுண்டலும் பலூன் சுடுகிற துவக்கும் இருக்கும் என்று நம்பிக்கொண்டு வந்தவர், இறங்கிப் பார்த்துத் திகைத்துவிட்டார். மணலே இல்லை. வெள்ளைப் படகுகள் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடந்தன.

"இது படகுகளுக்குக் கார் பார்க் எல்லோ!" என்றார்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. மரீனாவின் கோடியில் ஒரு கஃபே, அதன் வெளியே நீலக்குடை, குடைக்குக் கீழே மெத்தை வைத்த பிரம்புக் கதிரை. டாக்ஸியில் வரும்போதே கண் வைத்துவிட்டேன். அதில் காலை நீட்டி இருந்து, வேறு யாரோ சமைத்ததை யாரோ கொண்டுவந்து வைக்கச் சாப்பிடவேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

மேலே போய்ப் பெட்டியைத் திறந்தால் இவருடைய உடுப்புகளுக்கு நடுவில் துவாயால் சுற்றிய ரைஸ் குக்கர் இருக்கிறது. அதற்குள் மிளகாய்த்தூள் ஒரு பை, தகரத்தில் அடைத்த ரின் மீன் நாலு.

"என்னப்பா இது? உங்களுக்கு விசரே?"

"அவசரத்துக்கு" என்றார். வெள்ளம், புயல் வந்தால் சோறு காய்ச்சலாமாம்!

அன்று பின்னேரம் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுக்காரி. வீட்டுச் சொந்தக்காரியும் அவள்தான். என் வயதிருக்கும், என் பருமன், இடுப்பில் ஏப்ரன். கையில் நீல மீன்கள் வரைந்த ஒரு மண்தட்டு, அதில் பொரித்த நெத்தலி, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டுகள். அவளுக்கு ஸ்பானிஷ் மட்டும் தெரியும், எனக்கு அது மட்டும் தெரியாது. இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். அடடா, என்ன நெத்தலி! இவர் வாலையும் விடவில்லை.

வினை பிறகுதான் தொடங்கியது. கழுவித் துடைத்த தட்டு மேசையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் சனத்தில் வழக்கமில்லை. ஒரு பிடி சீனியாவது வைத்துத்தான் கொடுப்போம்.

"ரெண்டு தோடம்பழம் வாங்கி வைச்சுக் குடுமன்" என்றார் இவர்.

"முற்றத்தில தோடை மரம் நிக்கிறவளுக்குத் தோடம்பழமோ? வெக்கக்கேடு." கீழே அவள் முற்றத்தில் ஆரஞ்சுப் பழம் மரம் நிறையத் தொங்கியது.

இந்த ஒருமுறைதானே என்று உருளைக்கிழங்கு அவித்தேன். இவருடைய ரின் மீனையும் மிளகாய்த்தூளையும் போட்டுக் கட்லெட் பொரித்தேன். சத்தியம் முதல் நாளே போயிற்று. இவர் ரைஸ் குக்கரைத் தட்டிக் காட்டி, "பாத்தீரே! கொண்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குக்கரைக் கடலில் எறிந்திருப்பேன்.

தட்டைக் கொடுத்துவிட்டு, பாரம் இறங்கியது என்று மறுநாள் காலை கஃபேக்குப் புறப்பட்டேன். படியில் எதிரே அவள் வருகிறாள், கையில் அதே தட்டு. அதில் உருளைக்கிழங்கு போட்ட முட்டைப் பொரியல், தோசைக்கல் அகலத்துக்கு. நான் திரும்பி மேலே ஏறினேன்.

அதற்குப் பால் பொங்கல் போயிற்று. பொங்கலுக்குக் கத்தரிக்காய்ப் பொரியல் தேன் ஊற்றி வந்தது. அதற்கு வடை போக, வடைக்கு இறால் சோறு வந்தது. அது தட்டில் கொள்ளாமல் ஒரு சட்டியும் கூட வந்தது. இப்போது திருப்பிக் கொடுக்க இரண்டு பாத்திரங்கள்! விட்டுக்கொடுக்கிற சாதியில்லை அவள். நானும் இல்லை.

ஊரை நான் அறிந்துகொண்டது இப்படித்தான். மற்றவர்கள் கோட்டையையும் தேவாலயத்தையும் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மத்தியானம் எந்தக் கடை பூட்டும், எது பூட்டாது என்பது. கொத்தமல்லி தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மொரோக்கோக்காரரின் கடையில் கிடைக்கும். மீன் படகுகள் பின்னேரம் வரும், கடற்பறவைகள் அவற்றுக்கு முதலே வந்து சத்தம் போடும். மீன்காரி என்னைக் கண்டால் கணவாயை எடுத்து வைத்துவிடுவாள். கோட்டைக்கு எந்த வழி என்று ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் கேட்டார். வெண்டிக்காய்க்கு வழி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இவர் எங்கே? நீலக்குடைக்குக் கீழே. என் கதிரையில்! காலையில் போனால் இருட்டத்தான் வருவார். படகுக்காரர்களோடு கூட்டாளியாகி, வந்து எனக்குப் பாய்மரத்தைப் பற்றி வகுப்பெடுப்பார். "நீரும் ஒருக்கா வந்து இருமன், நல்ல காத்து" என்றார் ஒரு நாள், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கையில். கத்தி கையில் இருந்ததால் அவரைப் பார்க்காமல் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

கடைசி நாள் பின்னேரம் தட்டு என்னிடம் இருந்தது. அதில் வந்த முட்டைப் புட்டிங்கை மத்தியானமே முடித்திருந்தோம். மா முடிந்துவிட்டது, ரின் மீன் முடிந்துவிட்டது, நானும் முடிந்துவிட்டேன். விடிந்தால் விமானம். குசினி யன்னலால் நீலக்குடை தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கிழமைக்கு ஒரு கதிரை கேட்டேன், அதுகூடக் கிடைக்கவில்லையே!

தட்டை எடுத்தேன். வெறும் தட்டு. படியிறங்கினேன். ஐம்பது வயதுவரைக்கும் நான் செய்யாத வேலை.

அவள் கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஒரு நீண்ட மூச்சு விட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவளுடைய குசினியைப் பார்த்தேன். மேசை முழுக்க மா. தொட்டியில் கழுவாத சட்டிகள் ஒரு குவியல். என்னிடமிருந்து பதிலுக்கு என்ன வருமோ தெரியாமல், அடுத்த சுற்றுக்கு முன்கூட்டியே பிசைந்துகொண்டிருந்திருக்கிறாள், பாவி! சுவரில் ஒரு நீச்சல் உடுப்பு தொங்கியது, விலைத்துண்டு கழற்றாமல். அவள் அதைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதிரையில் விழுந்து சிரித்தாள். அவளுக்கும் இந்தக் கிழமை கடலில் குளிக்க நேரம் கிடைக்கவில்லை, என்னால். நானும் சிரித்தேன், அழுகிற மாதிரி.

ஏப்ரனைக் கழற்றி மாவின் மேலேயே எறிந்துவிட்டு அவள் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். தட்டு என் கையிலேயே வந்துவிட்டது. நீலக்குடைக்குக் கீழே நல்லகாலத்துக்கு இவர் இல்லை, தூரத்தில் ஒரு படகில் ஏறி நின்றார். பிரம்புக் கதிரையில் அவள் என்னை இருத்தினாள். காலை நீட்டினேன். யாரோ சமைத்ததை யாரோ ஒருவன் கொண்டுவந்து வைத்தான். என்ன சாப்பிட்டேன் என்றுகூட எனக்கு நினைவில்லை, அவ்வளவு சந்தோஷம். பாய்மரங்களில் கயிறு பட்டு மணி மாதிரிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு கிழமையாக அந்தச் சத்தம் அங்கே இருந்திருக்கிறது.

வெயில் தணிகிற நேரம் இவர் மரப்பாலத்தால் ஆடி அசைந்து வந்தார். தன் கதிரையில் என்னைக் கண்டு கொஞ்சம் தடுமாறினார்.

"அப்ப இரவுக்கு என்ன சாப்பாடு?" என்றார்.

பக்கத்தில் இருந்தவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் பசியோடு வந்து நிற்கிற புருஷனின் முகத்தை அவள் முன்பே எங்கேயோ பார்த்திருக்கவேண்டும். மேசையில் கிடந்த தட்டை எடுத்து இவர் கையில் கொடுத்து, எங்கள் வீட்டுப் பக்கம் விரலைக் காட்டினாள்.

இவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதை என்ன செய்யிறது?"

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ரைஸ் குக்கர் மேல கிடக்கு. திரும்பி வரேக்க வெறும் தட்டைக் கொண்டு வந்திடாதேங்கோ. எங்கட சனத்தில வழக்கமில்லை."