ஞாயிற்றுக்கிழமைக்குள் ஸ்டார்ட் ஆக வேண்டும்

எங்கள் கார் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், மறுநாள் ஆகாது என்றிருந்தவரை வீட்டில் சண்டை இல்லை. கார்த்திகை மழை விட்ட பிறகு அது ஒரேயடியாகப் படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள் எங்கேயோ ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கால் நூற்றாண்டு தாண்டிய வண்டி. என் கணவர் அதற்குக் காரியம் செய்யவே தயாராகிவிட்டார்.

எனக்கு வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஹைவேயில் லாரிக்காரர்களின் ஹாரனுக்கு நடுங்கி, பிறகு அவர்களுக்கே ஹாரன் அடிக்கும் அளவுக்குத் தேறியவள். பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் அடுப்பு, பள்ளியில் பிள்ளைகள் என்று போகும் நாளில் அந்தக் காருக்குள் இருக்கும் நேரம் மட்டும்தான் எனக்கென்று இருந்தது. அங்கே யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். வண்டி போனால் அதுவும் போய்விடும். இதை என் கணவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. புது பேட்டரி மாற்றினோம். எலக்ட்ரீஷியன் பேட்டரியிலிருந்து போகிற ஒயரைச் சோதித்துவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தார். தேய்ந்ததை மாற்றி, கடையில் வைத்துச் சுற்றிக் காட்டினார். ஜோராகச் சுற்றியது. காரில் மாட்டினால் பழையபடி ‘டிக்’. வண்டிக்கு வயசாகிவிட்டது மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு எனக்கு எரிச்சலாக வந்தது, எனக்கும்தான் வயசாகிறது.

என் கணவர் விழுப்புரத்தில் பழைய வண்டி வாங்குகிற ஒருவருக்குப் போன் போட்டுவிட்டார். போட்டுவிட்டுத்தான் என்னிடம் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம காலையில ஆளு வர்றாரு. அதுக்குள்ள ஸ்டார்ட் ஆச்சுன்னா உன் வண்டி, ஆவலன்னா அவரு வண்டி. இன்னும் எத்தினி நாளைக்கு இத்தோட மல்லு கட்டிக்கினு இருக்கறது?”

சரி என்றேன். கோபத்தில் சொன்ன சரி அது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், இட்லி ஊற்றுவதை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று பானெட்டைத் திறந்தேன். உள்ளே பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. எல்லாம் ஆயுத பூஜை உபயம். மற்றவர்கள் வண்டியைக் கழுவி மாலை போடுவார்கள், எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். என் கணவருக்கு அதெல்லாம் போதாது. அந்த வருஷம் கறுப்பு பெயிண்ட் டப்பா வாங்கிவந்து, எஞ்சினைச் சுற்றிக் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, பெயிண்ட் அடித்து, காயவைத்து மாட்டினார். பிறகு கண்ணில் பட்ட போல்ட்டுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார். தெருவே வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனது.

அவரை உள்ளே உட்காரச் சொல்லி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ‘டிக்’. லைட் எரிந்தபடியே எரிந்தது, கொஞ்சமும் மங்கவில்லை. மறுபடி திருப்பச் சொன்னேன். அப்போதும் அப்படித்தான். பேட்டரி சோர்ந்திருந்தால் லைட் மங்கிப் போயிருக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுப்புக்கே லைட் கொஞ்சம் அடங்கவேண்டும். அதுகூட இல்லையென்றால், பேட்டரியில் தெம்பு இருக்கிறது, அது ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

போகிற ஒயரை எலக்ட்ரீஷியன் பார்த்தாகிவிட்டது. ஆனால் போன கரண்ட் திரும்பி வரவும் வழி வேண்டும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். திரும்பி வரும் வழியை யாருமே பார்க்கவில்லை.

“இன்னொரு தபா திருப்புங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க” என்றேன்.

குனிந்து பார்க்கையில் ஆக்ஸிலேட்டர் கேபிள் மேல் கை பட்டது. சுரீரென்று சுட்டது. ஓடாத எஞ்சினில் சூடு ஏது? விரலை உதறிக்கொண்டே சிரித்துவிட்டேன். என் கணவர் பயந்துபோய் இறங்கி வந்தார். கரண்டுக்குச் சொந்த வழி அடைபட்டிருக்கிறது, அதனால் அந்த மெல்லிய கேபிள் வழியாக முண்டியடித்துக்கொண்டு திரும்பி வரப் பார்க்கிறது. அதுதான் சூடு.

சொந்த வழி எதுவென்று தேடினேன். எஞ்சினையும் கார் பாடியையும் இணைக்கும் தட்டையான எர்த் பட்டை ஒன்று கீழே இருந்தது. அதன் போல்ட்டில் காய்ந்துபோன சந்தனம், மேலே குங்குமம். கழற்றினேன். பட்டைக்கு அடியில் பெயிண்ட், பாடியில் அது உட்காரும் இடத்திலும் பெயிண்ட். இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளவே இல்லை. பூஜை முடிந்த புதிதில் போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் ஓடியிருக்கும், மழையில் துரு ஏறி அதுவும் நின்றுவிட்டது.

என் கணவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இதற்குமா பெயிண்ட் அடித்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். உப்புத்தாள் கேட்டேன். கொண்டுவந்தவர் கொடுக்கத் தயங்கினார்.

“பூஜ போட்ட எடம். சொரண்டலாமா?”

“சரஸ்வதி கோச்சுக்க மாட்டா. நானும் வாத்தியார்தான்.”

பிறகு அவரே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை விடவில்லை. நான் பட்டையை மாட்டி முடுக்கினேன். இந்த முறை சாவியை நானே திருப்பினேன். முதல் திருப்பில் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. சத்தமாக ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

விழுப்புரத்து ஆள் வந்தபோதும் அதை அணைக்காமல் ஓடவிட்டிருந்தேன். அவர் வண்டியைச் சுற்றிவந்தார், பானெட்டில் கைவைத்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

“ஓடாத வண்டின்னு சொன்னீங்க சார். ஓடுற வண்டின்னா வேற ரேட்டு. நீங்களே சொல்லுங்க.”

ஆர்.சி. புத்தகம் என் கணவர் பேரில்தான் இருக்கிறது. இத்தனை வருஷமும் வண்டி விஷயம் என்றால் அவரைத்தான் கேட்பார்கள், அவர்தான் பதிலும் சொல்வார். அன்றைக்கு அவர் கையில் ஒட்டியிருந்த பெயிண்ட் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“எங்கிட்ட கேக்காதீங்க. வண்டி அவங்களுது.”

வந்தவர் என்னைப் பார்த்தார். பதில் காலையிலிருந்தே தயாராக இருந்தது. ஆனாலும் யோசிப்பதுபோல் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நின்றேன். என்னைக் கேட்டது நன்றாக இருந்தது. பிறகு, விற்கிற வண்டியில்லை என்று சொல்லி எஞ்சினை அணைத்தேன். அவர் கிளம்புவதற்குள் ஒருமுறை சாவியைத் திருப்பியும் காட்டினேன்.