கன்னத்தில் வெற்றிலை, கையில் வெள்ளை ஒயின்

எங்கள் கடையில் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த இடம் எனக்கா, இல்லை நான் கடைசிவரை தட்டுக் கழுவியே தேய வேண்டியதுதானா என்று பார்க்க, முதலாளியம்மா ஒரு மத்தியானம் பரீட்சை வைத்தார். பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவனுக்குப் பரீட்சை! இதில் என் வீட்டுக்காரி வேறு முந்திக்கொண்டு, நாங்கள் ஆற்றைக் கடக்கும் டாலா படகில் பார்த்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரரு இப்ப ஒயின் மாஸ்டரு" என்று சொல்லிவைத்திருந்தாள். தோற்றால் இனி நான் ஆற்றை நீந்தித்தான் கடக்க வேண்டும்.

முதலாளியம்மா தமிழ் வீட்டுப் பெண், என்னைவிட இளையவர். ஆனாலும் கடையில் பர்மா வழக்கப்படி எல்லாரும் 'அமா' என்போம், அக்கா என்று அர்த்தம். மேசையில் இரண்டு கிளாஸ் வைத்தார். ஒரே தோட்டத்து வெள்ளை ஒயின், துளி இனிப்பு கிடையாது. ஒன்று புதுசு. இன்னொன்று பத்து வருஷமாகப் பாட்டிலில் படுத்துக் கிடந்தது.

"குடிச்சுட்டு என்ன ருசின்னு சொல்லுங்கண்ணே. வர்றவங்க கேட்டா நாமதான சொல்லணும்."

புதுசைக் குடித்தேன். "கிராம்பு, சுண்ணாம்பு, கொஞ்சம் புகை."

அமாவின் கண் விரிந்தது. "அடேயப்பா! சரி, பழசு?"

"இதுவும் அதேதான் அமா. கிராம்பு, சுண்ணாம்பு, புகை."

பெருமை தாங்காமல் சிரித்தேன். அதுதான் கெடுத்தது.

"அண்ணே, வாயில என்ன?"

"ஒண்ணுமில்ல அமா. ஒரே ஒரு குன்யா."

படகை விட்டு இறங்கியதும் துறையில் ஒரு குன்யா, அதாவது வெற்றிலை மடிப்பு, வாங்கிக் கன்னத்தில் அடக்கிவிடுவது எங்கள் வழக்கம். அதைத் தின்பதாக யாரும் நினைப்பதே இல்லை. பல் மாதிரி அதுவும் வாயோடு பிறந்தது.

சமையல்கார பாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அமா, அவரு ஒயின ருசிக்கல. வெத்தலைய ஒயின்ல அலசிட்டிருக்காரு!"

போய் வாயைக் கழுவினேன். வெறும் ரொட்டியை மென்றேன். திரும்ப வந்து புதுசைக் குடித்தால், எலுமிச்சையைக் கடித்த மாதிரி ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பின்னாலேயே மாங்காய்ப் பிஞ்சு. அப்புறம், வெயிலில் காய்ந்த கல்லில் முதல் மழை விழுந்தால் வருமே, அந்த வாசனை. விழுங்கியதும் வாய் ஊறி, இன்னொரு வாய் கேட்டது.

பழசு வைக்கோல் நிறம். மோந்து பார்த்தவன் பதறிவிட்டேன்.

"அமா, இதுல யாரோ மண்ணெண்ணெய் ஊத்திட்டாங்க!"

"அது வயசான வாசனண்ணே. இந்தத் திராட்சைக்கு அதுதான் மரியாதை. பயப்படாம குடிங்க."

குடித்தேன். மண்ணெண்ணெய் மெல்ல விலகி வழிவிட்டது. உள்ளே சுட்ட ரொட்டி, காய்ந்த ஆரஞ்சுத் தோல்.

"தேன் வாசன வருது, ஆனா இனிப்பு இல்ல. புளிப்பும் போகல அமா, சண்டை போடுறத மட்டும் நிறுத்திருச்சு. வயசானா இப்படில்ல ஆகணும்! எனக்கும்தான் வயசாச்சு, மண்ணெண்ணெயோட நின்னு போச்சு."

அமா மேசையைத் தட்டிச் சிரித்தார். "இதையே மேசைல சொல்லுங்க. வேலை உங்களுக்குத்தான். ஆனா கடைக்குள்ள குன்யா கூடாது."

நான் வாசலைப் பார்த்தேன். "வாசல்ல நின்னு…?"

"வாசலும் என் கடைதான்."

யோசித்தேன். மீசை முளைக்கும் முன்பே பழகிய சிநேகம் அது.

"என்னத்த யோசிக்கிறீங்க?" என்றார் பாய். "உங்க வூட்ல படகு பூராம் சொல்லியாச்சு. இனிமே வெத்தலையா, வீடா, அதுதான் கணக்கு."

சரி என்றேன். ஈர ஏப்ரனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, அந்தக் கடையில் முதல்முறையாகக் காற்றாடிக்குக் கீழே போய் நின்றேன். கன்னம் காலியாக இருந்தது. பேசுவதற்கு ஏகப்பட்ட இடம்.