சாவியை எடுத்த பிறகும் ஓடிய கார்

என் மனைவி என் காரில் ஏறுவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சண்டை என்று ஒன்றும் இல்லை. சமைத்தாள், பேசினாள், என் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். வெளியே போக வேண்டுமென்றால் மட்டும் கைப்பேசியில் வாடகைக் காரை அழைத்துவிட்டு வாசலில் போய் நிற்பாள். அவளுக்குப் பின்னால் என் கார் பளபளவென்று நிற்கும். வருகிற ஓட்டுநர்கள் முதலில் காரைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் மனம் தாங்காமல், “அங்கிள், கெரெத்தா ரோசாக் கா?” என்று கேட்டார். கார் பழுதெல்லாம் இல்லை என்று தலையாட்டினேன். பின் சீட்டிலிருந்து என் மனைவி, “ஆமா” என்றாள்.

எழுபதுகளில் செய்த ஜப்பான் கார் அது. நான் வாங்கும்போதே அதற்கு ஓய்வுபெறுகிற வயது. எஞ்சினுக்குள் தீப்பொறியை எழுப்பிவிட ‘பாயின்ட்’ என்று ஒரு சின்னச் சாமான் உண்டு. கொஞ்சம் ஈரம் பட்டால் அது வேலைக்கு வராது. எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கத்தில் மழைக்குப் பஞ்சமில்லை. அதனால் என் மனைவி, கார் கிளம்பி உறுமும்வரை கைப்பையோடு வெளியேதான் நிற்பாள். ஏறிய பிறகும் முதல் சமிக்ஞை விளக்கைத் தாண்டினால்தான் சீட் பெல்ட் போடுவாள். இறங்கித் தள்ள வேண்டி வந்தால் கழற்றுகிற வேலை மிச்சமாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவள்தான். பொந்தியானில் அவள் அக்கா பேத்திக்குக் காதுகுத்து நடந்த அன்றைக்குத்தான் பொறுமை போயிற்று. பாதி வழியில், சாலையோர அன்னாசிக் கடை ஒன்றின் எதிரே, தூறலில் கார் படுத்துவிட்டது. நான் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு “இதோ, இதோ” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் தவறிவிடும் என்று பயந்து, அன்னாசி ஏற்றிக்கொண்டிருந்த லோரியில் ஏறிப் போய்விட்டாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, மடியில் சீர்த்தட்டு. அப்படியே போய் அக்கா வீட்டு வாசலில் இறங்கினாள். அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் பார்த்தாலும் சொந்தக்காரர்கள், “இன்னிக்கும் லோரிதானா?” என்று கேட்டார்கள். அவள் பொந்தியானுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவள் மறுபடியும் என் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். காரை விற்றுவிட்டு வேறு வாங்கினால் தீர்ந்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பலர் சொன்னார்கள். விற்றால் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அதற்கு நான் தயாராக இல்லை.

பாயின்டுக்கு உதவியாக, தீப்பொறியைப் பலமாகக் கொடுக்கிற இக்னிஷன் பெட்டியை இணையத்தில் வரவழைத்தேன். கார் செய்தவர்கள் கொடுத்ததல்ல, வேறு யாரோ செய்து விற்பது. ரொட்டித் துண்டு அளவில் சிவப்பு அலுமினியப் பெட்டி, அதிலிருந்து கலர் கலராக வயர்கள். கூடவே ஒரு கையேடு. நான் தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவின் தலைவன். ‘முதலில் கையேட்டைப் படி’ என்று என் கைப்பட மூன்று மொழிகளில் எழுதி அங்கே ஒட்டியிருக்கிறேன். கேட்காதவர்களை நன்றாகத் திட்டியும் இருக்கிறேன். வீட்டில் வயர் படம் இருந்த பக்கத்தோடு கையேட்டை மூடினேன். இதெல்லாம் நமக்குத் தெரியாததா?

ஆயுத பூஜையன்று காலையில் வேலையை முடித்தேன். தடித்த இரண்டு வயர்கள் நேராக பேட்டரிக்கு. மெல்லிய சிவப்பு வயர் சாவி சுவிட்சுக்கு. மிச்சத்தைப் படத்தில் போட்டிருந்தபடி மாட்டினேன். என் மனைவி அதற்குள் வாடகைக் காரில் கோயிலுக்குப் போயிருந்தாள். சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அணைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்படியே கோயிலுக்கு விட்டேன்.

கோயில் வளாகத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. என் முறை வந்ததும் குருக்கள் தட்டை நீட்டினார். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துத் தட்டில் வைத்தேன். குருக்கள் குங்குமத்தை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“எஞ்சின அணைங்கய்யா.”

“அணைச்சிட்டேன் சாமி.”

“ஓடுதே!”

ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாவி தட்டில் கற்பூரத்துக்குப் பக்கத்தில் கிடக்க, கார் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சாவிக்குக் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, சற்று எட்டி நின்று பூசணிக்காயை உடைத்தார். வரிசையில் இருந்தவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

காரை ஓரம் கட்டி, சீட்டில் கிடந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். பழைய கார்களில் சார்ஜ் விளக்கின் வயர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வரும்; பெட்டி அதைச் சாவியென்று நம்பி, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும்; மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடுகிற டையோடு ஒன்றை அந்த வயரில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். டையோடும் பெட்டியோடு வந்திருந்தது. வீட்டு மேசையில் பத்திரமாக இருந்தது.

நிமிர்ந்தால் என் மனைவி நிற்கிறாள்.

“என்னாங்க இது?”

“அணைய மாட்டேங்குது.”

“எவ்ளோ நேரம் ஓடும்?”

“பெட்ரோல் இருக்கிற வரைக்கும்.”

“நடுவழியில படுத்துடாதுல்ல?”

“நானே அணைச்சுப் பார்த்துட்டேன், முடியல லா.”

உண்மையில் முடியும். பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, நாலாவது கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டால் ஒரே குலுக்கலில் அடங்கிவிடும். அது எனக்கு அப்போதே தெரியும். நான் சொல்லவில்லை.

அவள் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு கதவைத் திறந்து ஏறினாள்.

“பொந்தியானுக்கு விடுங்க. அக்காவப் பார்த்துட்டு வந்திரலாம்.”

வழியில் எங்குமே நிறுத்தாமல் ஓட்டினேன். நிறுத்தினால் எதுவாவது கெட்டுப்போகும் போலிருந்தது. அக்கா வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவள் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு இறங்கினாள். அக்கா வெளியே வந்து, வந்ததும் வராததுமாக, “ஏண்டி, லோரி எங்க?” என்றாள்.

என் மனைவி குங்குமம் வைத்த சாவியை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினாள். “சாவியே இல்லாம ஓடுது பாரு.”

“அலமாக்!” என்று வியந்தாள் அக்கா. அண்டை வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். தப்பாக வயர் மாட்டியதற்காக இவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. எல்லாரும் பார்த்து முடித்த பிறகுதான் கியரைப் போட்டு எஞ்சினை அடக்கினேன். “அணைக்கத் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

புறப்படும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, பழைய வழக்கப்படி கைப்பையோடு வெளியே நின்றாள். கார் ஒரே சுற்றில் கிளம்பியது. அதன் பிறகே ஏறினாள். சமிக்ஞை விளக்கைத் தாண்டியே பெல்ட் போட்டாள். நானும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் தூறல் பிடித்தது. பாதி வழியில் அவள், “நிறுத்துங்க. பழம் வாங்கணும்” என்றாள். அதே அன்னாசிக் கடை. எஞ்சினை ஓடவிட்டபடி ஓரம் கட்டினேன்.

“அணைங்க.”

“மழை தூறுது. ஈரத்துல...”

“அணைங்கன்னு சொன்னேன்.”

அன்றைக்கு அது தானாகவே செத்த இடத்தில், இன்றைக்கு நானே கியரைப் போட்டுச் சாகடித்தேன். அவள் நிதானமாக இறங்கினாள். கடைக்கார மாக்சிக்கிடம், அந்த மலாய் அம்மாவிடம், மலாயில் பேரம் பேசினாள், ஒவ்வொரு பழமாக எடுத்து முகர்ந்து பார்த்தாள், வேண்டுமென்றே காலம் கடத்தினாள். தூறல் பொனட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

பழங்களைப் பின் சீட்டில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். நான் இன்னும் சாவியைத் தொடவில்லை. அவள் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

“ம், எடுங்க” என்றாள்.