அழகரும் ஆறடி உயர ஸ்பீக்கரும்

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிற அந்தத் தோட்டத்தில், ஐம்பத்து மூன்று வயதுவரை அழகருக்குப் பயம் என்று ஒன்று வந்ததில்லை. அதை வீரம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு வராத விருந்தாளியை நன்றாகக் கவனித்து அனுப்பினேன் என்று யாரும் பெருமையடிக்க முடியாதல்லவா? அழகர் பெருமையடித்தார்.

தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது முப்பது வருடமாக அவருடைய வேலை. கோயிலை ஒட்டி நிற்கும் அறுபதடி சவுக்கின் உச்சியில், மாரியம்மன் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதும் அவர்தான். கட்டி முடித்ததும் அங்கேயே ஒரு கிளையில் குந்திக்கொண்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டு வெற்றிலை மடிப்பார். கீழே நிற்கிற பெண்கள் "ஐயோ" என்று கத்துவார்கள். அந்த "ஐயோ"வுக்காகத்தான் மனுசன் வெற்றிலையே பழகினார் என்று அவர் மனைவி விஜயலெட்சுமி சொல்வாள்.

போன தை மாதம் ஒரு கலண்டர் மாட்டுவதற்காகப் பிளாஸ்டிக் கதிரை மேல் ஏறினார். மாட்டிவிட்டுக் கீழே பார்த்தார். ஒன்றரை அடி கீழே இருக்க வேண்டிய சிமெந்துத் தரை எங்கோ தூரத்தில் கிடந்தது. 

"விஜி, இங்க வா."

"ஒலை கொதிக்குது. என்னாங்க?"

"சும்மா வாவேன். வந்து கதிரையப் புடி."

அவள் கரண்டியோடு வந்து பார்த்தாள். கணவர் கலண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். முதலில் சிரித்தாள். முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டாள். அவளுடைய இரக்கம் அன்று பொழுது சாயும்வரை நீடித்தது. அதற்குப் பிறகு கதிரை தென்பட்டபோதெல்லாம், "பாத்து நடங்க, ஏறிடப் போறீங்க" என்றாள்.

"யார்கிட்டயும் சொல்லிறாத."

"நான் சொல்லல. மரம் சொல்லுமே, திருவிழா வரட்டும்."

வேலையில் சமாளித்துவிட்டார். இடுப்பு வலி என்று கங்காணியிடம் சொல்லி, மற்றவர்கள் வெட்டிப் போடும் கிளைகளைத் துண்டு போடும் வேலைக்கு மாறிக்கொண்டார். கோயில் மரம்தான் மிச்சம். தோட்டத்தின் மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு ஆட்கள் எல்லாரும் கூடி நின்று அண்ணாந்து பார்க்கும் ஒரே மரம் அது. அழகர் என்ற மனிதர் தோட்டத்து ஆட்களின் மனதில் இருப்பதும் அதன் உச்சியில்தான். தரையில் அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

பங்குனியில் திருவிழா வந்தது. பதுளையிலிருந்து, ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் நப்ரீஸ் வழக்கம்போல் தன் முச்சக்கர வண்டியில் ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

"அழகர் அண்ணே, கயிறு ரெடி. ஏறுவோமா?"

அழகர் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வருசம் மேல வேணாம் தம்பி. அடியில கட்டு."

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"புகை எந்தப் பக்கம் போகும்?"

"மேல."

"அதுக்காகக் கூரையில போயா அடுப்பு மூட்டுறோம்? அடியில மூட்டுறோம், அது தானா ஏறுது. சத்தமும் அப்பிடித்தான். இவ்வளவு நாளு உச்சியில கட்டி, பாதிச் சத்தத்த வானத்துக்குக் குடுத்துட்டோம்."

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் நப்ரீஸ் மரத்து உச்சியை அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். பக்கத்தில் நின்ற கோயில் தலைவர் சிவஞானம் தலையாட்டினார். "அழகர் சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்த மரத்தப் பத்தி அவருக்குத் தெரியாததா?"

ஒரு காரியத்தில் கெட்டிக்காரனாக இருப்பவன் மற்ற காரியங்களிலும் சரியாகத்தான் சொல்வான் என்று நம்புவது மனிதர்களின் பழைய சோம்பல். ஸ்பீக்கர் ஆறடி உயரத்தில் கட்டப்பட்டது.

மறுநாள் காலை அம்மன் பாட்டுப் போட்டதும், கோயிலடியில் கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பூசாரி தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு பூசை செய்தார். மேல்பிரிவு லயத்து வீடுகளில் புருசன் பெண்சாதி சைகையில் பேசிக்கொண்டார்கள். மலையின் மடிப்புக்கு அப்பால், பள்ளத்தில் இருக்கும் கீழ்ப்பிரிவிலோ ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்டது.

வினை அங்கேதான் முளைத்தது. ஆற்றங்கரையில் கரகம் ஜோடிப்பதற்கு முன்னால், "எல்லாரும் வாங்க" என்று ஸ்பீக்கரில் கூப்பிடுவது வழக்கம். அதைக் கேட்டுத்தான் கீழ்ப்பிரிவு ஆட்கள் தாம்பாளத்தோடு புறப்படுவார்கள். பள்ளத்தில் போனுக்குச் சிக்னலும் கிடையாது. புதுச்சேலை கட்டி, தேங்காய் பழம் எடுத்து வைத்துப் பத்து மணிவரை காத்திருந்தார்கள். கடைசியில் வந்து பார்த்தால், கரகம் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

பின்னேரம் இரண்டு மணிக்குக் கீழ்ப்பிரிவு இளைஞர் சங்கத் தலைவன் ரமேஸ் இருபது பேரோடு கோயில் வாசலில் நின்றான்.

"எங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதானே தலைவரே இத இங்க கட்டுனீங்க?"

"ஆத்தா மேல சத்தியமா இல்ல, ரமேசு."

"ஆறடியில யாராவது ஸ்பீக்கர் கட்டுவாங்களா? எங்களுக்குச் சொல்லாமலே கரகம் எடுத்துட்டீங்க. நாளைக்குத் தேரையும் நீங்களே இழுத்துக்குங்க. நாங்க வடம் தொட மாட்டோம்."

சிவஞானம் திரும்பித் தேரைப் பார்த்தார். கோயிலுக்குக் கீழே இருக்கும் செங்குத்தான வளைவில், கீழ்ப்பிரிவு ஆட்களின் தோள் இல்லாமல் தேர் ஒரு முழம் நகராது.

அழகர் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருடைய பெயர் உச்சியிலேயே இருக்கும், தேர் நிற்கும். வாயைத் திறந்தால் தேர் ஓடும், பெயர் விழும். பின்னால் நின்ற விஜயலெட்சுமி முதுகில் ஒரு விரலால் குத்தினாள். அவர் முன்னால் போனதற்கு மனசாட்சி எவ்வளவு, அந்த விரல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"தலைவர் மேல குத்தமில்ல. எனக்கு மரம் ஏறப் பயம். அதான் அடியில கட்டச் சொன்னேன்."

ரமேஸோடு வந்தவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பிறகு ரமேஸ் சிரித்தான்.

"உங்களுக்குப் பயமா? ஏண்ணே, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணாமா? தலைவரக் காப்பாத்துறதுக்கு நல்ல ஆளப் புடிச்சாங்க."

"நெசமாத்தான் தம்பி."

"நெசம்னா ஏறிக் காட்டுங்க."

ஏற முடியாது என்பதை ஏறித்தான் நிரூபிக்க வேண்டும் என்ற நியாயத்தை அங்கே ஒருவரும் தவறாக நினைக்கவில்லை. ஏணி வந்தது. மரத்தில் சாத்தினார்கள். அழகர் ஒரு படி ஏறினார், இரண்டு, மூன்று. நான்காவது படியில் தெரியாத்தனமாகக் குனிந்து பார்த்தார்.

முதலில் ஏணி நடுங்கியது. நடுக்கம் ஏணியிலிருந்து மரத்துக்குப் போக, மரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரே கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அழகர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "விஜி, விஜி" என்றார். ஊரறிய மனைவியின் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு கிளம்பியது. விஜயலெட்சுமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "சிரிக்கிற ஆம்பளைங்க வந்து தூக்குங்க. எங்க வீட்டுல நான் ஒருத்திதான் தூக்கிக்கிட்டு இருக்கேன்."

ரமேஸும் இரண்டு பேரும் அவரை ஏணியிலிருந்து அட்டையைப் பிரிப்பதுபோல் பிரித்து எடுத்தார்கள். ரமேஸின் கோபம் அங்கேயே பாதி கரைந்துவிட்டது. மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"சரி, நானே மேல கட்டுறேன்" என்று இடுப்பில் கயிற்றைச் சுற்றினான்.

அழகர் வேரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ரமேஸ் ஏற ஏற அவருக்கு உயிர் வந்தது. "அங்க இல்ல, இன்னும் ஒரு கிளை மேல. ஆங், இன்னும் ஒண்ணு." உண்மையில் இரண்டு கிளைக்குக் கீழேயே கட்டியிருக்கலாம். சிரித்ததற்காக அந்த இரண்டு கிளை.

ஸ்பீக்கரைப் பள்ளத்தைப் பார்க்கத் திருப்பிக் கட்டி, கயிற்றை முடிந்தான் ரமேஸ். முடிந்த பிறகும் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தான்.

"என்ன தம்பி, எறங்கு."

மெலிந்த குரல் வந்தது. "அண்ணே... எப்பிடி எறங்குறது?"

நப்ரீஸ் மைக்கைக் கொண்டுவந்து அழகர் கையில் கொடுத்தான். "கத்திக் கஷ்டப்படாதீங்க அண்ணே. இதுல சொல்லுங்க."

அழகர் கண்ணை மூடினார். அந்த மரம் முழுவதும் அவருடைய உள்ளங்காலில் இருந்தது.

"தம்பி, கீழ பாக்காத. மரத்தப் பாரு. எடது காலுக்கு நேரா கீழ ஒரு முண்டு இருக்கும். வெட்டாம நான்தான் விட்டு வச்சேன். கால நீட்டு."

"இல்லண்ணே!"

"அது வலது காலு தம்பி. மத்த கால நீட்டு. ஆங். கையை விடாத. பயம்தானே, அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ எறங்கு. இப்ப வலது காலு. இல்ல, அது எடது."

கால் மணி நேரம் இப்படியே போயிற்று. ரமேஸ் தரையைத் தொட்டு, அழகருக்குப் பக்கத்தில் அதே வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கீழ்ப்பிரிவுப் பெண்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். பள்ளத்தில் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தது. முன்னால் வந்த கிழவி கேட்டாள்: "எவண்டா அந்த வலது காலு தெரியாதவன்?"

ரமேஸ் தலையைக் குனிந்துகொண்டான். சிவஞானம் தயங்கித் தயங்கி அவனிடம் வந்தார்.

"நாளைக்கு வடம் புடிக்க வருவீங்கல்ல?"

ரமேஸ் அழகரைப் பார்த்தான். பிறகு தலைவரைப் பார்த்தான்.

"தேரு தரையிலதானே போகும் தலைவரே?"

"தரையிலதான்."

"அப்ப வர்றோம்."