நான்காவது கமெண்ட்

அண்ணன் அந்த விமர்சனத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்துவைத்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு குறைக்கும் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வரும் ஆங்கிலப் பத்திரிகை, ஞாயிற்றுக்கிழமை இணைப்பு. எங்கள் ஆல்பத்துக்கு வந்த ஒரே விமர்சனம் அதுதான். எழுதின மனுசனை வாயில் வந்தபடியெல்லாம் திட்டிக்கொண்டு நான் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. "நாலே கமெண்ட்டுதான் அம்மிணி. சரி பண்ணிரலாம்" என்றார்.

எங்கள் ராக் குழுவுக்கு 'ஓவர்லாக்' என்று பெயர், துணி ஓரம் தைக்கிற மெஷினின் பெயர். பனியன் தைக்கிற ஊரில் வேறு என்ன பெயர் வைப்பது? அண்ணன் கிட்டாரும் பாட்டும், சர்ச்சில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த நான் இதிலும் கீபோர்டு, சோமனூரிலிருந்து பஸ் ஏறி வரும் தறிக்காரர் ஒருவர் டிரம்ஸ். தொண்ணூறுகளில் ஒரு கேசட் போட்டோம். கோயமுத்தூர் காலேஜ் பிள்ளைகள் அதைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துத் தேய்த்தார்கள். அண்ணனின் குரலுக்காகத்தான். கரகரவென்று, அழுகை தொண்டையில் நிற்பது போன்ற குரல் அது. பிறகு கல்யாணம், எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை என்று எல்லாம் நின்றுபோனது. பல வருடம் கழித்து, இரண்டாயிரத்துச் சொச்சத்தில், வேலையை விட்டுவிட்டு இந்த ஆல்பத்தைச் சீடியாகப் போட்டார். இது நிலைத்தால் பாட்டு, இல்லையென்றால் இனி கிட்டாரைத் தொடுவதில்லை என்று அண்ணியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். முதலாளியும் ஆயுத பூஜை வரைக்கும் அவர் சீட்டைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

விமர்சனத்தில் இருந்தது இவ்வளவுதான். டிரம்ஸ் சத்தம் அதிகம். மூன்றாவது பாட்டு இழுக்கிறது. கீபோர்டு தேவாலயத்தை ஞாபகப்படுத்துகிறது. கடைசியாக, பாடகரின் குரல் கிழிந்த துணி மாதிரி இருக்கிறது, இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தானா?

வேறு ஊர்க்காரனாக இருந்தால் குடித்துவிட்டு அழுதிருப்பான், இல்லை பத்திரிகையைக் கிழித்துப் போட்டிருப்பான். எங்கள் ஊரில் அப்படி வளர்க்கவில்லையே! இங்கே ஒரு டீ-ஷர்ட் கப்பல் ஏறுவதற்கு முன்னால் சாம்பிள் போக வேண்டும். கழுத்தை அரை இஞ்ச் இறக்கு, கையை ஏற்று என்று அதை வாங்குகிற பையரிடமிருந்து கமெண்ட் வரும். சொன்னபடி திருத்தி மறுபடி அனுப்பினால் அப்ரூவல். அண்ணன் அதிலேயே ஊறின ஆள். "கொறை சொல்றவன்தான் அம்மிணி வாங்கறவன். வேண்டாங்கறவன் பதிலே போட மாட்டான்" என்றார்.

டிரம்ஸ்காரர் நொந்துபோனார். "ஏனுங்க, பாட்டு என்ன பனியனுங்களா, கழுத்த வெட்டி ஒட்டறதுக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகவே அடித்துக் கொடுத்தார். மூன்றாவது பாட்டில் இரண்டு சரணம் போயிற்று. என் கீபோர்டு பாதி போயிற்று. பொறுத்துக்கொண்டேன். நான்காவது கமெண்ட்டுக்கு அண்ணன் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

உடுமலைப் பக்கம் கல்யாணங்களில் பாடுகிற ஒரு கச்சேரிப் பாடகரை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்து நிறுத்தினார். நல்ல குரல், வழுவழுவென்று. நான் கத்தினேன். "உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதுங்களாண்ணா? அது உங்க பாட்டுங்க!" அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாட்டு பொழைக்கோணும் அம்மிணி. எனக்கு அது போதும்" என்றார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், "இந்த எடத்துல மூச்சு விட்ராதீங்க தம்பி" என்று தன் பாட்டைத் தானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பார்க்கச் சகிக்கவில்லை. நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

பழைய குரலைக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொன்னதும் அவர்தான். "இருந்தா ஷிப்மென்ட்ல கலந்துரும்" என்றார். கடைகளுக்குக் கொடுத்திருந்த சீடிகளை ஒன்று விடாமல் திரும்ப வாங்கிவந்து, ரிஜெக்ட் பீஸை வெட்டுகிற மாதிரி பெரிய கத்தரிக்கோலால் வெட்டினார். என் கையில் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டார். புதிய சீடியைக் கூரியரில் அதே விமர்சகருக்கு அனுப்பினார்.

அந்த ஆள் மறுபடியும் எழுதினார், பெரிதாக, படத்தோடு. திருத்தி வந்திருக்கும் இந்த ஆல்பத்தைத் தாராளமாகக் கேட்கலாம் என்றும், புதிய பாடகர்தான் இந்தக் குழுவுக்கு இத்தனை நாள் இல்லாதிருந்த உயிர் என்றும் எழுதியிருந்தார். அண்ணன் கடைசி வரி வரை படித்தார். சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது, போட நம்பர் இல்லை. "அப்ரூவல் வந்துருச்சு அம்மிணி" என்று சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் யார் முகத்திலும் பார்க்கவில்லை. பாட்டு தேறிவிட்டது, அவர் குரல் தேறவில்லை; அண்ணியிடம் சொன்னபடி கிட்டாரைத் தொடாமல், திங்கட்கிழமை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்தப் பாடகர் அதே பாட்டுகளோடு சென்னைக்குப் போனார்.

போன கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மகள் காலேஜில் ஒரு பாட்டுக்குழுவில் சேர்ந்திருக்கிறாள். ஒரு மெட்டு பிடிபடவில்லை, ஒரு வரி பாடிக்காட்டுங்கப்பா என்று விளையாட்டாகக் கேட்டாள்.

"அப்பனுக்குப் பாட வராது கண்ணு" என்றார் அண்ணன்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! "பொய் சொல்றாருடா கண்ணு. உங்கப்பா பாடுனா கோயமுத்தூரே எந்திரிச்சு நிக்கும்" என்றேன். அவள் கண்ணை அகல விரித்து, போனை என் பக்கம் நீட்டினாள். "நெசமாவா அத்தை? எங்க, போட்டுக் காட்டுங்க."

பழைய கேசட்டைப் பூஞ்சை தின்று எத்தனையோ வருடமாகிறது. என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்து யாரிடமும் இல்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்கத்தை சும்மா சொல்றா கண்ணு" என்றார். அவள் சிரித்துவிட்டுப் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அப்பா சொன்னதைத்தான் நம்பினாள்.